பங்க், டெக், கேலி: வேலூரிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில்

கடலில் சிக்னல் கிடையாது. அதனால் இதெல்லாம் மருந்துக்கடையில் கொடுத்த டைரியில் பால்பாயிண்டில் எழுதியது. இப்போது மாமா வீட்டு மாடியில் உட்கார்ந்து, மழைக்கு நடுவில், நாளுக்கு ஒன்றாகப் போடுகிறேன். கரண்ட் இருந்தால்.

மே 24, 2025, சனி: சென்னைத் துறைமுகம்

மாமா மகளுக்குக் கல்யாணம். விமானத்தில் போனால் இரண்டே கால் மணி நேரம். ஆனால் அம்மா ஏற மாட்டேன் என்றுவிட்டாள். "மேல இருந்து வுழுந்தா எலும்பு கூட கெடைக்காதுடா." கப்பல் முழுகினால் மட்டும் என்ன ஆகும் என்று கேட்டேன். "நீந்திக்கலாம் இல்ல?" அம்மா பிறந்து வளர்ந்தது வேலூரில். எங்கள் பாலாற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்ததே எண்ணி நான்கைந்து தடவை. அவளுக்கு நீச்சல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

தங்கை வீட்டுக்காரர், என் மச்சான், போன வருஷம் சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு குரூஸ் போய் வந்தவர். நாங்கள் கப்பல் என்றதும் வாட்ஸப்பில் ஒரு நீளமான பட்டியல் அனுப்பினார். 'தெரிந்துகொள்ள வேண்டிய வார்த்தைகள்' என்று தலைப்பு. லிடோ டெக் என்றால் நீச்சல் குளமும் பஃபேயும் இருக்கும் தளம், வெனிஸ் நகரத்துக் கடற்கரையின் பெயராம். சீ டே என்றால் எந்த ஊரிலும் நிற்காமல் கடலிலேயே கழிகிற நாள். டெண்டர் என்றால் கப்பல் நடுக்கடலில் நிற்க, பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோகிற சின்னப் படகு. அரசு அலுவலகத்தில் 19 வருஷமாக டெண்டர் பைல் பார்க்கிற எனக்கு இந்தக் கடைசி விஷயம் ரொம்பப் பிடித்திருந்தது. முத்திரை வைத்த உறைக்குள் ஒரு படகு.

பிற்பகல் 2 மணிக்குப் புறப்பாடு என்று சொல்லி 11 மணிக்கே கொட்டகையில் உட்கார வைத்தார்கள். கத்திரி வெயில். மின்விசிறி இருந்தது, அதன் காற்று சாலையில் போகிற லாரியின் மூச்சு மாதிரி. ஒரு மணிக்கு ஒருவர் வந்து, கப்பலுக்கு இன்னும் பெர்த் கிடைக்கவில்லை, தாமதமாகும் என்றார். அம்மா எழுந்துவிட்டாள். "இன்னாடா, நம்ம பெர்த்த வேற யாருக்கனா குடுத்துட்டானா?" ரயில்காரர்கள் கெடுத்து வைத்த வார்த்தை. கப்பல் உலகத்தில் பெர்த் என்றால் ஆள் படுக்கிற இடம் மட்டும் இல்லை, கப்பல் வந்து கட்டுகிற இடமும் அதுதான். எங்களுக்குப் படுக்கை இருந்தது. கப்பலுக்குத்தான் இல்லை.

காத்திருந்த நேரத்தில் தண்ணீர் பாட்டில் 30 ரூபாய்க்கு விற்றவர் இரண்டு மணிக்கு மேல் 40 ஆக்கினார். பக்கத்தில் ஒரு வங்காளக் குடும்பம். கொள்ளுத் தாத்தா காலத்தில் கிழக்கு வங்காளத்திலிருந்து அந்தமானில் குடியேற்றப்பட்டவர்களாம். அந்த அம்மா ஒரு எவர்சில்வர் தூக்கைத் திறந்து, பொரியில் கடுகெண்ணெய் விட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டுக் குலுக்கி, எங்கள் கையிலும் ஒரு பிடி வைத்தார். பாஷை ஒன்றும் புரியவில்லை. எண்ணெய் மூக்கில் ஏறியது. அம்மா இரண்டாவது பிடிக்கும் கை நீட்டினாள்.

ஆறு மணிக்குக் கேங்வே ஏறினோம். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சாய்த்து வைத்த படிக்கட்டு, கீழே இடுக்கில் எண்ணெய் படிந்த தண்ணீர். கப்பல் பையன் ஒருவன் கேட்காமலே அம்மாவின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். இருபது ரூபாயை நீட்டியதும் கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

எங்களுடையது பங்க் வகுப்பு. "பெட்ரோல் பங்க்கா?" என்று அம்மா கேட்டதில் தப்பில்லை. கீழ்த்தளத்தில் கல்யாண மண்டபம் அளவு ஒரு கூடம். அதில் இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள் வரிசை வரிசையாக. போர்ட் சைடில் படுக்கை இருந்தால் கொடுங்கள் என்று நானாகவே கேட்டு வாங்கியிருந்தேன். போர்ட் பிளேர் தெரிகிற பக்கம் அது என்று நினைப்பு. (போன வருஷம் செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாகிவிட்டது. கப்பலில் ஒருவர் வாயிலும் அது வரவில்லை.)

எதிர்க் கட்டிலில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, நெஞ்சில் நரைத்த முடி, உள்ளங்கை மட்டும் மரப்பலகை. மகள் வீட்டுக்குப் போகிறார். "நமக்கு தூத்துக்குடி. தோணியில தண்டலா இருந்தேன், முப்பத்தோரு வருசம்."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. எங்கள் பக்கத்தில் தண்டல்காரர் என்றால் காலையில் கடன் கொடுத்துவிட்டு தினமும் சாயங்காலம் வாசலில் வந்து நிற்கிறவர். சுருக்குப்பையை இடுப்பில் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டாள். நான்தான் கேட்டுத் தெளிந்தேன். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகிற தோணியின் தலைவரைத் தூத்துக்குடியில் தண்டல் என்பார்கள். வெள்ளைக்காரன் இந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுபோய் 'டிண்டல்' என்று தன் கப்பல்களில் ஒரு பதவிக்கே வைத்துவிட்டான். அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன். அம்மாவை அவர் தங்கச்சி என்றார்.

போர்ட் சைடு கதையைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குழந்தை முழித்துக்கொண்டது. "ஏ தம்பி, போர்ட்டுன்னா எடது பக்கம். கப்பலோட மொகத்தப் பாத்து நின்னா உங்க எடது. ஊருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

கப்பல் நகர்ந்தது 7 மணிக்கு. நாங்கள் மேல்தளத்தில் இருந்தோம். இரண்டு டக் படகுகள் கயிறு கட்டி இழுக்க, பெரிய கப்பல் மாப்பிள்ளைப் பையன் மாதிரி தலைகுனிந்து கூடவே போனது. துறைமுகத்துக்கு வெளியே வந்ததும் பைலட் இறங்குகிறார் என்றார் அண்ணாச்சி. அம்மா வானத்தைப் பார்த்தாள். பைலட் என்பவர் அந்தத் துறைமுகத்தின் ஆழம், மணல்திட்டு, நீரோட்டம் எல்லாம் தெரிந்த உள்ளூர் ஆள். கேப்டன் எத்தனை கடல் பார்த்தவராக இருந்தாலும் இவர் சொல்லித்தான் கப்பல் உள்ளே வரும், வெளியே போகும். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் தொங்குகிற கயிற்று ஏணியில் அவர் இறங்கினார். கீழே சின்னப் படகு எழும்பி எழும்பித் தாழ்ந்தது. அது எழும்பிய ஒரு நொடியில் காலை வைத்தார், அவ்வளவுதான். நான் பிடித்திருந்த கம்பி ஈரமாகிவிட்டது, என் உள்ளங்கை வியர்வையில்.

சாப்பாட்டுக்கு வரிசை நிற்கும் நேரத்தில் மணி அடித்தது. ஏழு குட்டை ஒலி, ஒரு நீண்ட ஒலி. மஸ்டர் டிரில். அம்மாவுக்கு இந்த ஒரு வார்த்தை மட்டும் தெரியும். "நூறு நாள் வேலையில மஸ்டர் ரோல் போடுவாங்களே, அதுவா?" கிட்டத்தட்ட அதுதான். ஆள் வந்ததா என்று எண்ணுகிறார்கள், மண்வெட்டிக்குப் பதிலாக லைஃப் ஜாக்கெட்.

எங்களுக்கு ஸ்டேஷன் நான்கு, போர்ட் சைடு. இடது, தெரியும். படிக்கட்டில் ஏறி, நடுவில் ஒரு திருப்பம் திரும்பி, மேலே வந்ததும் இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு போனேன். வெளியே ஒரே இருட்டு, காற்று. ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட யாரையும் எனக்குத் தெரியவில்லை. வங்காள அம்மாவும் இல்லை, அண்ணாச்சியும் இல்லை. நாங்கள் நின்றது ஸ்டார்போர்டில். படிக்கட்டு திரும்பியதில் நான் கப்பலின் முதுகைப் பார்த்தபடி மேலே வந்திருக்கிறேன். என் இடது, கப்பலுக்கு வலது. அந்தப் பக்கம் இருந்த ஊழியர் தலையை எண்ணிவிட்டு இரண்டு அதிகம் என்று கத்த, எங்கள் பக்கத்தவர் இரண்டு குறைகிறது என்று கத்த, நானும் அம்மாவும் அத்தனை பேர் முன்னாலும் கப்பலைக் குறுக்கே கடந்து போனோம்.

இடது வலது என்று சொல்லாமல் எதற்கு இந்த வம்பு என்று இதுவரை எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அது போயிற்று. ஆள் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாறாத இடது ஒன்று கப்பலுக்கு வேண்டியிருக்கிறது. அண்ணாச்சி இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். உயிர்ப்படகுகளில் இரட்டைப்படை எண் எல்லாம் போர்ட், ஒற்றைப்படை எல்லாம் ஸ்டார்போர்ட். இரவில் விளக்கு: போர்ட் சிவப்பு, ஸ்டார்போர்ட் பச்சை. "இருதயம் எந்தப் பக்கம்? ரத்தம் என்ன நெறம்? மறக்காது, போங்க."

சாப்பிட்டபிறகு டிரில் வைத்திருக்கக் கூடாதா என்று பலர் முணுமுணுத்தார்கள். முன்பெல்லாம் ஏறி 24 மணி நேரத்துக்குள் வைத்தால் போதும் என்றுதான் விதி. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்று மாலைதான் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று யாரும் காட்டியிருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள். இரவுச் சாப்பாடு ஆறிப்போன சப்பாத்தியும் உருளைக்கிழங்கும். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

மே 25, ஞாயிறு: கடலில்

மச்சான் பாஷையில் இது சீ டே. எங்களுக்கு வாந்தி டே.

விடிகாலையிலிருந்து ஆட்டம். தென்மேற்கிலிருந்து அலை. "கச்சான் தொடங்கியாச்சு. தோணியா இருந்தா இந்நேரம் கரையில ஏத்திப் போட்டுட்டு வீட்டுல படுத்துருப்போம்" என்றார் அண்ணாச்சி. கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று. ஆட்டத்தில் இரண்டு ஜாதி உண்டு. பக்கவாட்டில் சாய்வது ரோலிங், அது தொட்டில். முன்னும் பின்னும் ஏறி இறங்குவது பிட்சிங், அது கிணற்று ஏற்றம். எங்களுக்கு அலை வலது பக்கம் பின்னாலிருந்து வந்ததால் தொட்டிலும் ஏற்றமும் ஒன்றாக. கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த எவர்சில்வர் சொம்பு இரவெல்லாம் ஊர்சுற்றிவிட்டுக் காலையில் ஆறு கட்டில் தள்ளி ஒரு சீகாகுளத்து ஆளின் தலைமாட்டில் நின்றது. அவர் அதில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

அம்மா எழவில்லை. கண்ணைத் திறந்தால் கூரை சுற்றுகிறது. அண்ணாச்சி சொன்ன வைத்தியம்: மேல்தளத்துக்குப் போகாதே, கப்பலின் நடுமத்திக்கு வா. மிட்ஷிப் என்கிறார்கள். சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்தவன் ஆடுவதில்லை, அதே கணக்கு. குரூஸ் போகிறவர்கள் உச்சித் தளத்தில், முன்பக்க அறைக்கு அதிகம் காசு கொடுத்து, அதிகம் வாந்தி எடுப்பார்கள் போலிருக்கிறது. இது என் சந்தேகம், மச்சானிடம் கேட்கவில்லை. வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது, ரஸ்க் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடி, ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயை நாக்கில் வை, அடிவானத்தைப் பார். நார்த்தங்காய் அவர் பையிலேயே இருந்தது, ஹார்லிக்ஸ் பாட்டிலில்.

பத்து மணிக்கு அம்மா கொஞ்சம் தெளிந்தாள். டெக்கில் காற்று வாங்கலாம் என்று கூட்டிப்போனேன். "டெக்கா? வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூணு படம் பாப்பமே." எண்பதுகளின் கோயில் திருவிழா அவளுக்கு அந்த வார்த்தைக்குள் அப்படியே இருக்கிறது. ஒலிபெருக்கியில், பிரிட்ஜ் பகுதிக்குப் பயணிகள் வரக் கூடாது, கேப்டன் பணியில் இருக்கிறார் என்று இந்தியிலும் தமிழிலும் அறிவிப்பு. "பிரிட்ஜ்லயா இருக்காரு? இந்தப் புழுக்கத்துக்கு நானும் போய் உக்காந்துக்குவேன்." அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களில் இரண்டு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரம் இருந்தது. இரண்டையும் பார்க்க வசதியாகக் குறுக்கே ஒரு பாலம் போட்டு அதில் நின்று கப்பல் ஓட்டினார்கள். சக்கரம் போயும் பெயர் பாலமாகவே நின்றுவிட்டது.

டீ 10 ரூபாய், காகிதக் கோப்பை. அடியில் தங்கிய தூளைக் கடலில் கொட்ட ஸ்டார்போர்ட் கைப்பிடி ஓரம் போனேன். கொட்டியது கடலுக்குப் போகவில்லை. மூக்குக் கண்ணாடி, சட்டை, எனக்குப் பின்னால் நின்ற ஒரு ராணுவ வீரரின் வெள்ளை பனியன் எல்லாவற்றிலும் டீத்தூள். அவர் கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி, எதிர்ப் பக்கத்தைக் காட்டினார். காற்று வந்து மோதும் பக்கம் விண்ட்வர்ட், மறைவான பக்கம் லீவர்ட். எச்சில், டீத்தூள், வாந்தி எதுவானாலும் லீவர்டில்தான். மச்சானின் பட்டியலில் லிடோ டெக் இருந்தது. இது இல்லை.

இந்தக் கலவரத்தில் ஒரு பெரிய ரோல். அம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாள், கால் செருப்பிலிருந்து நழுவியது. ஈரமான தளத்தில் இடது செருப்பு வழுக்கிக்கொண்டே போய், கைப்பிடிக்கு அடியில் தண்ணீர் வடிகிற இடுக்கில் ஒரு கணம் நின்று எங்களைப் பார்த்தது. பிறகு இல்லை. தீபாவளிக்கு வாங்கிய செருப்பு, 350 ரூபாய். மிச்சமிருந்ததைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டதற்கு முறைத்தாள்.

சாயங்காலம் சூரியன் 6.10-க்கே விழுந்துவிட்டது. சென்னையில் ஆறரை ஆகும். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மே 26, திங்கள்: கடலில், அமாவாசை

கடல் இறங்கி வந்தது. பறக்கும் மீன்கள் கப்பல் ஓரத்திலிருந்து எழும்பி, கைக்குட்டையை வீசியதுபோல் கொஞ்ச தூரம் போய் விழுந்தன.

அம்மாவுக்கு அமாவாசை, கவிச்சி ஆகாது. மதியம் சோறு, பருப்பு, மீன் குழம்பு. மூன்றும் ஒரே தட்டில், ஒரே கரண்டியில். வாடையே வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டாள். நான் கேலி வரைக்கும் போனேன். ஆமாம், கப்பலில் சமையலறைக்குப் பெயர் கேலி. "கேலி எங்கே?" என்று ஒரு தமிழ்ப் பையனைக் கேட்டதற்கு, "யாரு சார் கேலி பண்ணது?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டான். முதல் நாள் பையைத் தூக்கி வந்த அதே பையன், ராமநாதபுரம். உள்ளே ஆள் உயரப் பாத்திரங்கள், அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி, பாத்திரம் சரியாமலிருக்க. ஒருவர் கால்களை அகல ஊன்றிக்கொண்டு, கப்பல் சாயச் சாய இடுப்பை மட்டும் எதிர்ப் பக்கம் விட்டுக்கொண்டு, ஒரு துளி சிந்தாமல் சாம்பாரை வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் தனியாக ஒரு தட்டில் தயிர்ச்சாதம், ஒரு வாழைப்பழம். காசு வாங்கவில்லை. "எங்க வீட்லயும் இன்னிக்கு அமாவாசை சார்."

சாப்பிட்டபின் அண்ணாச்சியோடு நிழலில். கப்பல் 12 நாட் வேகத்தில் போகிறது என்று பையன் சொல்லியிருந்தான். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். அப்படியானால் மணிக்கு 22 கிலோமீட்டர்தான், காட்பாடி டவுன் பஸ்கூட முந்திவிடும். சென்னையிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 1,360 கிலோமீட்டர் என்று போட்டுப் பார்த்தால், எங்கள் 60 மணி நேரமும் கணக்கில் வந்தது. நாட் என்றால் முடிச்சு. பலகை கட்டிய கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுப் போட்டுக் கடலில் விட்டு, மணல் கடிகாரம் ஓடித் தீருவதற்குள் கைவழியாக எத்தனை முடிச்சு நழுவியது என்று எண்ணியிருக்கிறார்கள். "எங்க அய்யாகிட்டயும் முடிச்சு போட்ட கயிறு உண்டு. அது வேற. சின்னப் பலகை, நடுவுல கயிறு. பல்லுல கடிச்சுக்கிட்டு வடக்கு வெள்ளியப் பாப்பாவ." துருவ நட்சத்திரத்தைச் சொல்கிறார்.

ஆழம் எவ்வளவு இருக்கும்? ஏறக்குறைய 3 கிலோமீட்டர். அண்ணாச்சிக்கு அந்த எண் பிடிபடவில்லை. இரண்டு கைகளையும் சிலுவைபோல் நீட்டினார். "இது ஒரு பாகம்." ஆறு அடி. வெள்ளைக்காரன் ஃபாதம் என்று சொல்வதும் இதே இரண்டு கை அகலம்தான். வகுத்துப் பார்த்துச் சொன்னேன், ஆயிரத்து அறுநூறு பாகம். நீட்டிய கையை அவர் மடக்கவேயில்லை, அப்படியே கைப்பிடிக்கு வெளியே குனிந்து பார்த்தார். "மாலத்தீவு ஓட்டத்துல இத யாரும் நமக்குச் சொல்லல. சொல்லாம இருந்ததும் நல்லதுதான்."

அவர் வாயில் வருகிற வார்த்தைகளை எழுதிக்கொண்டே இருந்தேன். கப்பலின் முன்முனை அணியம். பெரிய கயிறு ஆலாத்து. பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். சுக்கான், நங்கூரம் இரண்டும் நமக்குத் தெரிந்தவையே. தெரியாதது, அவை வந்த வழி. சுக்கான் அரபு. நங்கூரம் பாரசீகத்து லங்கர். நாம் கவிதையில் எல்லாம் போடுகிற மாலுமிகூட அரபுச் சொல்தான், முஅல்லிம், வாத்தியார் என்று அர்த்தம். அந்தப் பக்கம் இவ்வளவு வாங்கியிருக்கிறோம், கட்டுமரத்தைக் கொடுத்திருக்கிறோம். இன்று உலகம் முழுக்க ஓடுகிற இரட்டை உடல் படகுக்கு அதுதான் பெயர், கேட்டமரான். அண்ணாச்சிக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. "கடல்ல ஒரு பொருளுக்கு யாரு முந்தி பேரு சொல்லுதானோ அதான் பேரு."

ஸ்டார்போர்டுக்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு. நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்பக்கம் நடுவில் சுக்கான் வருமுன் வட ஐரோப்பியக் கப்பல்களில் திருப்பும் துடுப்பு வலது பக்கம் இருந்தது, திருப்புகிற பக்கம் என்பதுதான் தேய்ந்து ஸ்டார்போர்ட். அந்தத் துடுப்பு நசுங்காமலிருக்க இடது பக்கத்தைத் துறையில் அணைத்துக் கட்டினார்கள், அதனால் அது போர்ட். முன்பு இடதுக்கு லார்போர்ட் என்று பெயர். புயலில் இரண்டும் ஒரே மாதிரி காதில் விழுந்து தொலைக்க, 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை அதை ஒழித்தது.

இன்று சூரியன் 5.50-க்கு விழுந்தது. நேற்றைவிட 20 நிமிஷம் முன்னால். என் கடிகாரம் நின்றுவிட்டதோ என்று நான்கு பேரிடம் மணி கேட்டேன். கிழக்கே போகப் போக வானம் சீக்கிரம் கடையைச் சாத்துகிறது, கடிகாரம் மட்டும் இந்திய நேரத்திலேயே இருக்கிறது. ஏழு மணிக்கு நடு இரவு மாதிரி ஆகிவிட்டது. நிலா இல்லை. கப்பலின் சிவப்பு விளக்கு ஒரு கோடியில், அதற்கு மேல் இத்தனை நட்சத்திரமா என்று பயமாகவே இருந்தது. அண்ணாச்சி வடக்கே கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தார். முஷ்டிக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம், மங்கலாக. நீட்டிய முஷ்டி ஏறக்குறைய பத்து டிகிரி. அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் எத்தனை டிகிரியோ, ஏறக்குறைய அத்தனையாவது அட்சரேகையில் நாம். நாங்கள் இருந்தது பன்னிரண்டாவது அட்சரேகைக்குப் பக்கத்தில். அம்மா தெற்கே திரும்பி, தாழ்வாக நின்ற நான்கு நட்சத்திரச் சிலுவையைக் கண்டுபிடித்து, அது மாதா கோயிலா என்று கேட்டாள்.

டெக்கிலேயே பாய் விரித்துப் படுத்தோம். மூன்று மணிக்கு ஒரு ஊழியர் வந்து எல்லாரையும் எழுப்பிக் கீழே துரத்தினார். சரியாகச் சொன்னால், எல்லாரையும் திட்டினார், குழந்தைகள் உட்பட. அதே நேரம் கிழக்கே விடிவெள்ளி எழும்பியிருந்தது, கடலில் கோடு விழுகிற அளவுக்கு வெளிச்சம். திட்டு வாங்கிக்கொண்டே பார்த்தேன்.

மே 27, செவ்வாய்: கரை

ஐந்து மணிக்கெல்லாம் பளிச்சென்று விடிந்துவிட்டது. மழை. இங்கே பருவமழை இரண்டு வாரம் முன்பே வந்துவிட்டதாம். மூன்று நாள் முன்பு கத்திரி வெயிலில் 40 ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கியவர்கள் எல்லாரும் மழையில் நின்று முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் இருப்பது தீவின் கிழக்குக் கரையில். நாங்கள் வருவதோ மேற்கிலிருந்து. அதனால் கப்பல் ரட்லண்ட் தீவுக்கும் லிட்டில் அந்தமானுக்கும் நடுவே டங்கன் கால்வாயில் நுழைந்து, வடக்கே திரும்பி மேலே வரவேண்டும். இடது பக்கம் கறுப்பாக ஒரு காடு, தண்ணீரிலிருந்து நேராக எழும்பி, உச்சி மேகத்துக்குள். மணல்கூடத் தெரியவில்லை. இரண்டு நாள் தண்ணீரை மட்டும் பார்த்த கண்ணுக்கு அந்தப் பச்சை அடித்தது மாதிரி இருந்தது. வங்காள அம்மா கைகூப்பினார். சீகாகுளத்து ஆள் போனை உயரப் பிடித்து சிக்னல் தேடினார்.

காலை உப்புமாவில் உப்பு இல்லை. இதை எழுதாமல் விட்டால் கப்பலுக்குத் துரோகம்.

ஒன்பது மணி சுமாருக்கு இன்னொரு பைலட், இன்னொரு கயிற்று ஏணி, இந்தத் தடவை ஏறுவதற்கு. கப்பல் மேற்கே திரும்பித் துறைமுக வாய்க்குள் போனது. வலது பக்கம் நார்த் பே கலங்கரை விளக்கம், பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் இருப்பது. அண்ணாச்சி தண்ணீரில் மிதந்த போயாக்களைக் காட்டினார். "உள்ள போகையில செவப்பு எடது, பச்ச வலது." இடது பக்கம் ராஸ் தீவு நழுவிப் பின்னால் போனது. பிறகு குன்றின் மேல் செல்லுலார் சிறை. 1906-ல் கட்டி முடிக்கும்போது ஏழு சிறகு, இப்போது மூன்று. தூரத்திலிருந்து பார்க்க ஏதோ பழைய கல்லூரி மாதிரி இருந்தது. இதே வாய்க்குள் சங்கிலியோடு வந்தவர்களுக்கு எந்தப் பக்கமும் பார்க்கக் கிடைத்திருக்காது. அடுத்து தகரக் கூரைகள், தேவாலயம், தென்னை, டவர், ஊர். எல்லாமே இடது பக்கம்.

"அண்ணாச்சி, போர்ட் பிளேர் போர்ட் சைடுலதானே வந்துச்சு?"

அவர் ஊரைப் பார்த்தார், கப்பலின் முகத்தைப் பார்த்தார், மறுபடி ஊரைப் பார்த்தார். "சரிதான். திரும்பிப் போகையில கப்பல் மாத்தி நிக்கும். அப்ப என்ன செய்வியளாம்?"

ஹேடோ துறையில் கட்டினார்கள். கயிற்றை வீசுகிறவர்கள், பிடிக்கிறவர்கள், தமிழில் திட்டுகிற ஒருவர். கேங்வே இறங்கிக் கல் தரையில் கால் வைத்ததும் தரை ரோல் ஆனது. நான் மட்டும்தான் என்று நினைத்தேன். பார்த்தால் முன்னால் போன ராணுவ வீரரும் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி மட்டும் கடைத்தெருவுக்கு வந்தவர்போல் நடந்து போனார். மகள் குடையோடு ஓடி வந்தாள். அவர் திரும்பி, வலது கையால் நெஞ்சில் இடது பக்கம் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார்.

மாமா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார், லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் பிளாஸ்டிக் பை. அம்மாவைப் பார்த்து எட்டு வருஷம். முதலில் அவர் கண் போனது அவள் காலுக்கு, பிறகு கைக்கு.

"இன்னாக்கா, வெறுங்காலோட வர, கையில ஒத்தச் செருப்பு?"

"இன்னொண்ணு ஸ்டார்போர்ட் பக்கம் போயிடுச்சுடா" என்றாள் அம்மா.